ஜன்னலோரப் பெஞ்சு

ஜூன் 18, புதன்

புதிதாக வந்த பயிற்சிக்காரி ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறாள். வாரா வாரம் எங்கள் வகுப்பைப் பற்றி நாங்களே யோசித்து அதில் எழுத வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது.' அவளுக்கு அது போதும். எனக்குப் போதாது. அதனால்தான் பீரோவில் கிடந்த இந்தப் பழைய டைரியை எடுத்தேன்.

எத்தனையோ வருடமாக இதே நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். இந்தச் சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் கணக்குப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். இந்த வருடம் சென்னை அறக்கட்டளை ஒன்று எங்கள் பள்ளியைத் தத்தெடுத்திருக்கிறது. கழிப்பறைக்குக் கதவு போடுவார்கள் என்று பார்த்தால், ஆசிரியர்களைத் திருத்த ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

பெயர் சிந்துஜா. முப்பது வயது இருக்காது. எங்கேயோ இரண்டு வருடம் பாடம் நடத்தினாளாம். அவளைப் 'பயிற்சியாளர்' என்று சொல்லக் கூடாதாம், 'கோச்' என்று சொல்ல வேண்டுமாம். கபடிக்குத்தான் கோச் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு டேப்லெட்டில் டிக் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறந்தால் டிக். சும்மா நின்றால் அதற்கும் ஒரு டிக். முழுக்கள் நடத்தும்போது முதுகுக்குப் பின்னால் ஒருத்தி தட்டிக்கொண்டிருந்தால் மைனஸ் எது, பிளஸ் எது என்று எனக்கே குழம்புகிறது.

மதியம் ஸ்டாஃப் ரூமில் டேப்பைத் திருப்பிக் காட்டினாள். வகுப்பின் படம். அதில் பச்சைப் புள்ளிகள்.

"மேடம், நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவங்க எல்லாம் இந்தப் புள்ளிங்க. பாத்தீங்களா, எல்லாமே வாசல் பக்கம். ஜன்னல் பக்கம் ஒண்ணுகூட இல்ல."

"அந்தப் பக்கம் வாயே திறக்காதும்மா. மேல ஃபேன் வேற கடகடன்னு ஓடுது."

"அங்க யாரை எப்படி உக்கார வச்சிருக்கீங்க?"

"உயர வரிசை" என்றேன்.

அதற்கும் எதையோ தட்டிக்கொண்டாள்.

ஜூன் 28, சனி

பருப்பு தீய்ந்துவிட்டது. குக்கர் விசிலே அடிக்கவில்லை. அடித்தது, ஆறு தடவை அடித்தது என்று என் வீட்டுக்காரர் ஹாலில் இருந்து வந்து சொல்கிறார். ஆறு தடவை அடிக்கும்வரை எழுந்து வந்து அணைக்கத் தெரியாத மனுஷனுக்கு எண்ண மட்டும் தெரிகிறது. குக்கர் வெயிட்டை மாற்ற வேண்டும்.

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். நான் கத்திப் பேசுகிறேனாம். அவளும் இப்போது கோச் ஆகிவிட்டாள்.

ஜூலை 2, புதன்

மறுபடியும் டிக். பச்சைப் புள்ளி போன தடவையைவிடக் குறைவாம்.

ஜூலை 8, செவ்வாய்

டிக் அடிக்கிற முறை பலன் தரவில்லை என்று அறக்கட்டளையே கண்டுபிடித்துவிட்டதாம். இப்போது வேறு முறை. என் காதில் ஒரு பட்டாணி அளவு கருவியைச் செருகிவிட்டு, அவள் கடைசி பெஞ்சிலிருந்து மைக்கில் முணுமுணுப்பாள். நான் பாடம் நடத்திக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்டு உடனுக்குடன் மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இப்படித்தானாம்.

வலது காதில் செருகினாள். 'மேடம், கேள்வி கேட்டுட்டு மூணு வினாடி காத்திருங்க.' 'மேடம், ஜன்னல் பக்கம் பாருங்க.' 'மேடம், அந்தப் பொண்ணு கை தூக்கறா.' அவள் குரல் மண்டைக்குள் மணி மாதிரி அடிக்கிறது. வகுப்புச் சத்தமோ சுத்தமாக நின்றுவிட்டது. பிள்ளைகள் வாயசைப்பது மட்டும் தெரிகிறது, மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி. பாதியில் பிடுங்கிவிட்டேன்.

"அப்போ இந்தக் காதுல போட்டுப் பாப்போம் மேடம்" என்று இடது காதில் வைத்தாள். வைத்ததும் மெஷின் செத்துப்போனது. ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதா மேடம்?" என்று எதிரில் வந்து நின்று கேட்டாள்.

"உன் மெஷின் வேலை செய்யலம்மா."

அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிந்தால் என்ன, லைட் எரிகிற சாமான் எல்லாம் வேலை செய்கிறதா?

ஜூலை 11, வெள்ளி

வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நல்ல தூக்கம் வருகிறது. எழுந்தபோது வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடக்கிறது. பால்காரர் இப்போதெல்லாம் மணியடிப்பதே இல்லை. யாருக்கும் வேலையில் அக்கறை இல்லை.

ஜூலை 17, வியாழன்

 இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை இரண்டாவது பீரியடில் தலைமையாசிரியர் ஞானதுரை சார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. விரல் நுனியெல்லாம் தீப்பெட்டி மருந்தின் கறை. ஏழாம் வகுப்பு முத்துப்பேச்சியின் அம்மா, குருவம்மாள்.

"டீச்சர், எம்புள்ள பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுகுறா. ஏண்டின்னா, டீச்சர் எங்க பக்கம் திரும்பவே மாட்டாக, நாங்க பதில் சொன்னாலும் காதுல வாங்காத மாதிரிப் போயிருவாகங்கிறா. அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது பூராம் எங்க தெரு பிள்ளைக. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எந்தத் தெரு, எந்தப் பிள்ளை என்று நான் ஒருநாளாவது பார்த்திருக்கிறேனா? அந்தத் தெருவில் ஒருவன் பாலிடெக்னிக் முடித்து ரயில்வேயில் இருக்கிறான், என்னிடம் படித்தவன், தீபாவளிக்கு இன்றும் போன் செய்கிறான். இதையெல்லாம் கத்திச் சொன்னேன். அந்தப் பெண் என்னை விட்டு ஞானதுரை சார் பக்கம் திரும்பினாள். "செவ்வாக்கெழமை கழிச்சு அடுத்த செவ்வா எனக்கு லீவு. அன்னைக்கு வாரேன். அதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனோன்மணி டீச்சர், அந்தம்மா மேலிடத்துக்கு எழுதிப் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

மதிய இடைவேளையில் முத்துப்பேச்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏண்டி அம்மாகிட்ட அப்படிச் சொன்னே? நான் உன்னை எப்பவாவது ஒதுக்கினேனா?"

தலையைக் குனிந்துகொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"வாயைத் திறந்து சத்தமாப் பேசு. இப்படி முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்விட்டாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் சிந்துஜா டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். எட்டி வந்து என் முன்னால் நின்று சொன்னாள்: "அவ சத்தமாத்தான் சொன்னா மேடம். எனக்கே கேட்டுச்சு."

"என்ன சொன்னா?"

"'தெரியல டீச்சர், நான் மூணு தடவை பதில் சொன்னேன்'னு சொன்னா."

இவளுக்கு எதற்கு இந்த வேலை? வந்தது என்னைத் திருத்தவா, என்னை உளவு பார்க்கவா?

ஜூலை 22, செவ்வாய்

மூன்றாவது முறை. வகுப்பை போனில் வீடியோ எடுத்து, எடுத்ததை ஆசிரியரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோச் ஒன்றும் சொல்லக் கூடாதாம். சொல்லாமல் இருப்பதற்கும் அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிறது.

எடுத்தது நேற்று. பார்த்தது இன்று, நூலகம் என்று நாங்கள் சொல்லும் அந்த அலமாரி அறையில். போனை மேசையில் சாய்த்து வைத்தாள்.

முதலில் என் முதுகுதான் தெரிந்தது. இத்தனை அகலமா ஆகிவிட்டேன்? பிறகு நான் திரும்பிக் கேட்கிறேன்: 'மைனஸ் ரெண்டை மூணால பெருக்கினா எவ்வளவு?'

ஜன்னலோரத்தில் ஒரு கை எழுகிறது. முத்துப்பேச்சி. எழுந்தே நின்றுவிட்டாள். "மைனஸ் ஆறு டீச்சர்."

வீடியோவில் இருக்கும் நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, 'யாருக்கும் தெரியலையா?' என்கிறேன்.

"மைனஸ் ஆறு டீச்சர்." இன்னும் சத்தமாக. பக்கத்துப் பிள்ளை சிரிக்கிறது.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கேள்வியை மறுபடி எழுதுகிறேன். மூன்றாவது தடவை அவள் கிட்டத்தட்ட கத்துகிறாள். அதற்குள் வாசல் பக்கத்திலிருந்து ஒரு பையன் 'ஆறு' என்கிறான். 'கிட்ட வந்துட்டே, மைனஸை விட்டுட்டே, பரவாயில்ல உக்காரு' என்று அவனைப் பார்த்துச் சிரிக்கிறேன். முத்துப்பேச்சி உட்கார்ந்து பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள்.

"ஃபேன் சத்தம்..." என்று ஆரம்பித்தேன்.

சிந்துஜா ஒன்றும் சொல்லவில்லை. முறைப்படி சொல்லக் கூடாது. ஆனால் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. நேற்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. வீடியோவில் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னொரு தடவை போடவா மேடம்?"

வேண்டாம் என்றேன். மேசையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். தூக்கிவாரிப்போட்டது. இடப்பக்கம் சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ.

ஜூலை 23, புதன்

விடுப்பு. தலைவலி.

ஜூலை 24, வியாழன்

போனை இடது காதில் வைத்து மகளுடன் பேசிப் பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். வலது காதுக்கு மாற்றினேன். 'அம்மா, லைன்ல இருக்கியா, அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரவு சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "சனிக்கிழமை மதுரை போயிட்டு வருவோம்" என்றார்.

"உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"மனோ, நாம எங்க போனாலும் நான் எந்தப் பக்கம் உக்காருறேன்னு நீ பாத்ததே இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், இதோ இந்தச் சாப்பாட்டு மேசையில். எல்லா இடத்திலும் என் வலப்பக்கம். எத்தனை காலமாக என்று கேட்டேன். மூணு வருஷம் இருக்கும் என்றார்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன். குக்கரை மாத்தச் சொன்னே."

ஜூலை 26, சனி

மதுரை. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு அந்தப் பெண் எதையுமே போடவில்லை என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

நரம்பு பாதித்திருக்கிறதாம். போனது திரும்பாது. மிச்சமிருப்பதை வைத்துக் கேட்க மெஷின் போடலாம், அளவெடுத்திருக்கிறார்கள், வர இரண்டு வாரமாகும். வரும் வழியில் பஸ்ஸில் அவர் வலப்பக்கம்தான் உட்கார்ந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

இதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? காது கேட்காத டீச்சர். ஸ்டாஃப் ரூமில் கத்திப் பேசிக் காட்டுவார்கள். ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஞானதுரை சார் நல்ல விதமாகச் சொல்வார். சொல்லாவிட்டாலோ, நான் அந்தத் தெருப் பிள்ளைகளை ஒதுக்குகிறவள்.

இரண்டில் எது பரவாயில்லை என்று நான் யோசித்ததே கேவலமாக இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

ஞானதுரை சார் பேச வேண்டியதைத் தயார் செய்து வைத்திருந்தார். "தவறான புரிதல், இனி கவனமா இருப்போம்னு சொல்லிருங்க டீச்சர். வேற எதையும் விரிக்க வேண்டாம்." சிந்துஜாவும் இருந்தாள். குருவம்மாள் இன்றும் நின்றுகொண்டேதான் பேசினாள். அதனால் நானும் எழுந்து நின்றேன்.

"உங்க பிள்ளை பொய் சொல்லலம்மா. அவ பதில் சொன்னா, மூணு தடவை சொன்னா. எனக்குக் கேக்கல. என் இடது காது போயிருச்சு. எனக்கே போன வாரம்தான் தெரியும். அந்தப் பக்கம் யார் பேசினாலும் எனக்குக் கேக்காது. வேற எந்தக் காரணமும் இல்ல."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. ஞானதுரை சார் மூச்சை விட்டார். பிரச்சினை முடிந்தது என்று அவருக்குப் பட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் பட்டது.

குருவம்மாள் என் காதைப் பார்த்தாள். "வைத்தியம் பாக்குறீகளா?"

"பாக்கிறேன்."

"பாருங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல மிஷினுப் பக்கம் நிக்கிற எங்க ஆளுகளுக்கும் இப்படித்தான் போகும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "காது கேக்கல, சரி. நம்புறேன். ஆனா டீச்சர், எங்க பிள்ளைகள மட்டும் சேத்து சன்னலோரம் உக்கார வச்சது காது இல்லையே?"

"அது உயர வரிசை..."

"வகுப்புலயே உசரம் எம்மகதான். அவ மொத பெஞ்சுல இருக்கா."

 சிந்துஜா டேப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது அணைந்திருந்தது.

ஜூலை 30, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 31, வியாழன்

இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே வந்து ஏழாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். நான் உட்கார வைக்கவில்லை. நான் மாற்றவுமில்லை. சிந்துஜா கேட்டபோது உயர வரிசை என்று என் வாயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது? யோசிக்காமல் வந்தது. யோசிக்காமல் வந்ததுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நானாகப் போய் சிந்துஜாவிடம் கேட்டேன். இதுவே முதல் தடவை.

"சொல்லும்மா. இப்போ என்ன செய்யணும்? அதுக்கு ஒரு முறை வச்சிருப்பீங்களே."

அவள் நகத்தைக் கடித்தாள். "டிக் அடிக்கிறதுக்கு இருக்கு, காதுல சொல்றதுக்கு இருக்கு, வீடியோவுக்கு இருக்கு. இதுக்கு எங்ககிட்ட மாடல் இல்ல மேடம்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முதல் நாளே எனக்குப் பட்டுச்சு. புள்ளிங்க எல்லாம் ஒரே பக்கம் இருந்தப்பவே. கேக்க பயமா இருந்துச்சு."

"என்னைக் கண்டா?"

"உங்களைக் கண்டும்தான். நான் நடத்தின ஸ்கூல்லயும் அப்படித்தான் உக்காந்திருந்தாங்க மேடம். நானும் மாத்தல."

இந்தப் பெண்ணை ஒரு மாதத்துக்கும் மேலாகத் திட்டி எழுதியிருக்கிறேன். எழுதியதை அடித்துவிடவில்லை, அப்படியே இருக்கட்டும். பாதி சரிதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் சீட்டுக் குலுக்கினேன். யாருக்கு எந்த எண் வருகிறதோ அந்த இடத்தில் உட்கார வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை மறுபடி குலுக்கல். பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. இரண்டு பேர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முத்துப்பேச்சிக்கு நடுவில், எனக்கு நேர் எதிரில் இடம் வந்தது. சிந்துஜா ஜன்னலோரம் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, அங்கே யாராவது பதில் சொன்னால் எனக்குக் கையைக் காட்டினாள். டிக் இல்லை, மைக் இல்லை. இதற்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன், இந்தக் காது கேட்காது என்று. "அப்போ இந்தப் பக்கம் நின்னு பேசினா கேக்காதா டீச்சர்?" என்று ஒருவன் சந்தோஷமாகக் கேட்டான்.

மாலை தலைமையாசிரியர் அறையில் இருந்தபோது எனக்குப் போன். ஒரு பையனின் அப்பா, ஊரில் செல்வாக்கான ஆள். சுற்றி வளைத்துப் பேசினார். எல்லாரும் நம்ம பிள்ளைகதான், ஆனா பக்கத்துல யாரை உக்கார வைக்கிறதுன்னு ஒரு முறை இருக்குல்ல டீச்சர், என்றார். வலது காதில், அட்சரம் பிசகாமல் கேட்டது.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்க சொன்னதை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. ஹெச்.எம். பக்கத்துலதான் இருக்கார், ஸ்பீக்கர்ல போடுறேன்."

வைத்துவிட்டார். ஞானதுரை சார் நாற்காலியில் நெளிந்தார். நாளைக்கு அவருக்குத்தான் போன் வரும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. சீட்டுகளை டப்பாவில் போட்டு என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது. காதில் மாட்டியதிலிருந்து உலகத்தில் இத்தனை சத்தமா என்று இருக்கிறது. சேலை உரசுகிறது. சாக்பீஸ் கிறீச்சிடுகிறது. ஃபேன் நிஜமாகவே கடகடவென்றுதான் ஓடுகிறது. பிள்ளைகள் நான் நினைத்ததைவிடப் பத்து மடங்கு பேசுகிறார்கள், பாதி என்னைப் பற்றி. தலை வெடிக்கிறது.

மூன்றாவது பீரியடில் மைனஸ் ஐந்தை மைனஸ் நான்கால் பெருக்கச் சொன்னேன். முத்துப்பேச்சி கை தூக்கவில்லை. இடம் மாறியதிலிருந்து ஒருநாளும் தூக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்தாள். நோட்டில் இருபது என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருப்பது எனக்கே தெரிந்தது.

"தெரியாது டீச்சர்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். தெளிவாகக் கேட்டது.

திட்டவில்லை. விடையைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. உட்காரச் சொன்னேன்.

நாளைக்கும் கேட்பேன்.